படகு நின்ற துறைகள்... மரக்காணம் முதல் முட்டுக்காடு வரை பக்கிங்காம் கால்வாயோரம் ஒரு பயணம்!

முண்டியம்பாக்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை மூன்று விஷயங்கள். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சர்க்கரை ஆலை, பாசஞ்சர் ரயில் நின்று கிளம்பும் சின்ன ஸ்டேஷன். இந்த ஊருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் யாரும் சிரித்துவிடுவார்கள்.

ஆனால், இங்கிருந்து திண்டிவனம் வழியாக அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டர் போனால் போதும். ஆந்திராவில் தொடங்கி கடற்கரையை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் ஓடி வரும் ஒரு கால்வாய் வந்து சேரும் இடத்தைப் பார்த்துவிடலாம். அந்த இடம் மரக்காணம். அந்தக் கால்வாய், சென்னைவாசிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும் அதே பக்கிங்காம் கால்வாய்!

சென்னையில் சாக்கடையாகத் தெரியும் இந்தக் கால்வாய், மரக்காணம் பக்கம் வேறு முகம் காட்டுகிறது. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், கூட்டம் கூட்டமாகப் பறவைகள், இடிந்த கோட்டை, மீன் வலை உலர்த்தும் கரை. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி இது. அந்தப் படகு வழியோரம் இன்றைய பயணிகள் நின்று பார்க்க வேண்டிய ஆறு துறைகள் இருக்கின்றன.

போகிற வழியில் ஒரு தலைநகரம்

முண்டியம்பாக்கத்திலிருந்து விக்கிரவாண்டியைக் கடந்து சென்னை நெடுஞ்சாலையில் வந்தால் திண்டிவனம். இந்த ஊரை ஒட்டியிருக்கும் கிடங்கிலைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். சங்க காலத்தில் ஓய்மாநாடு என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியை ஆண்ட நல்லியக்கோடனுக்கு உரிய ஊர் இது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் அவன்தான்.

பரிசில் தேடி வரும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் அது. அந்த வழியில் வரும் ஊர்களில் ஒன்று எயிற்பட்டினம் என்ற கடற்கரைப் பட்டினம். அதுவே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பழைய கடல்வழிக் குறிப்பேடான பெரிப்ளூஸில் வரும் 'சோபட்மா' துறைமுகமும் இதுதான் என்பார்கள். ஆக, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தை, ஓர் அரசனின் ஊரிலிருந்து அவனுடைய துறைமுகத்துக்குப் போகும் வழி என்றே சொல்லலாம்.

பஞ்சம் முடித்து வைத்த கால்வாய்

துறைகளைப் பார்க்கும் முன், இந்தக் கால்வாய் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1806-ம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. வெட்டியவர் பேசில் காக்ரேன் என்ற வணிகர். முக்கிய நோக்கம் உப்பு! எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களின் உப்பைச் சென்னைக்குக் கொண்டுவர மலிவான வழி அவருக்குத் தேவைப்பட்டது. 1837-ல் அரசாங்கம் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காட்டைத் தாண்டியும், தெற்கே அடையாற்றுக்குக் கீழும் கால்வாய் துண்டு துண்டாக நீண்டது. ஆனால், சென்னை நகரத்துக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே மட்டும் இணைப்பு இல்லை. வடக்குக் கால்வாய்ப் படகு தெற்கே வர முடியாது. தெற்குப் படகு வடக்கே போக முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு பெரும் துயரம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய கொடும் பஞ்சம். கிராமத்துப் பெரியவர்கள் வாயில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று இன்றும் நிற்கும் பஞ்சம் அது. லட்சக்கணக்கானோர் செத்து மடிந்தார்கள். கஞ்சிக்கு வழியில்லாமல் கிராமங்களை விட்டுக் கிளம்பியவர்களுக்குக் கூலி கொடுக்க அரசாங்கம் நிவாரண வேலைகளைத் தொடங்கியது. அதில் ஒன்றுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் கால்வாய்.

1877-ன் தொடக்கத்தில் மாகாணத்தின் நிவாரண வேலைகளில் ஓர் ஆண் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி எவ்வளவு தெரியுமா? ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. கூடவே ஓர் அணா. மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது போதவே போதாது என்று மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் கடுமையாக வாதாடினார். பிறகு கூலி உயர்த்தப்பட்டது.

அந்த 8 கிலோமீட்டர் வெட்டி முடிக்கப்பட்டதும் வடக்கும் தெற்கும் ஒரே நீர்வழியாக ஆனது. கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

படகு எப்படிப் போனது?

பக்கிங்காம் கால்வாய் ஆற்றைப் போல மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதில்லை. ஏறக்குறைய கடல் மட்டத்திலேயே கிடக்கிறது. கூவம், அடையாறு, பாலாறு போன்ற ஆறுகளும் கழிகளும் குறுக்கிடும் இடங்களில் கடல்நீர் உள்ளே வந்து போகும். அலையேற்றத்தில் தண்ணீர் ஏறும், வற்றத்தில் இறங்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் இடங்களில், இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி மாதிரியான மதகுகளைக் கட்டினார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரைச் சமப்படுத்தி, முன்கதவைத் திறந்து விடுவார்கள்.

காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் நீண்ட கோலால் உந்துவார்கள். இன்னொரு வழி, ஆட்கள் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பது. உப்பு, சவுக்கு விறகு, வைக்கோல், தேங்காய், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் என்று சரக்குகள் சென்னைக்குப் போயின.

இனி துறைகளுக்குப் போகலாம். தெற்கிலிருந்து வடக்காக!

முதல் துறை: மரக்காணம்

மரக்காணத்தை நெருங்கும்போதே கண் கூசத் தொடங்கிவிடும். சாலையோரம் சதுரம் சதுரமாகப் பாத்திகள், நடுவே வெள்ளைக் குவியல்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்புக்குப் பெயர்போன ஊர் இது.

கழியிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கும் உப்புநீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயில் பட்டுத் தண்ணீர் சுண்டச் சுண்ட, அதை அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். இடையில் ஜிப்சம் படிகிறது. அதை விட்டுவிட்டு, நன்றாக அடர்ந்த நீரை மட்டும் கடைசிப் பாத்திக்கு விட்டால் அங்கே உப்பு பூக்கிறது. அந்தக் கடைசிப் பாத்தியின் தரை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தப்பட்டது. தரை இளகினால் உப்பில் மண் சேர்ந்துவிடும். பூத்த உப்பை நீண்ட கைப்பிடி வைத்த பலகையால் வாரி, வரப்பில் குவித்து நீர் வடிய விடுகிறார்கள்.

பார்க்க அழகாக இருக்கும் இந்த வேலை, செய்பவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு வெகு முன்பே தொடங்குகிறார்கள். உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது. காரநீர் பாதத்தை வெடிக்கச் செய்கிறது. ஜனவரி முதல் செப்டம்பர் வரைதான் பருவம். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் குளமாகிவிடும், வேலையும் இருக்காது. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு இப்போது 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. இதே உப்பு முன்பு படகில் போனது. இன்று லாரியில் போகிறது.

ஊருக்குள் பூமீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த கற்கோயில். உப்பள வெயிலில் நின்றுவிட்டு வருபவர்களுக்கு அதன் குளிர்ந்த மண்டபம் தரும் இதமே தனி.

இரண்டாம் துறை: கழுவெளி

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே பரந்து கிடக்கிறது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள். கடலோடு இதை இணைப்பது உப்புக்கல்லி ஓடையும் இடையன்திட்டுக் கழிமுகமும். கடல் பக்கம் உவர்நீர், உள்பக்கம் மழைநீர் வந்து சேரும் நன்னீர்ப் பரப்பு. ஒரே ஏரியில் இரண்டு வகைத் தண்ணீர் இருப்பதால், இரண்டு வகை இரையும் கிடைக்கிறது. பறவைகள் இங்கே குவிவதற்கு அதுதான் காரணம்.

பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை என்று பெரிய பறவைகள் ஒருபுறம். தண்ணீரின் மேல் பறந்தபடியே இரை பொறுக்கும் ஆலாக்கள் மறுபுறம். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் இருக்கும் முக்கியத் தங்குமிடம் இது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் கழுவெளி இடம்பிடித்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகளுக்கு நல்ல காலம். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சத்தம் போடாமல் இருந்தாலே போதும்.

மூன்றாம் துறை: ஆலம்பரை

மரக்காணத்திலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால், சில கிலோமீட்டரில் விழுப்புரம் மாவட்டம் முடிந்து செங்கல்பட்டு மாவட்டம் வந்துவிடும். ஒருபக்கம் கடல், மறுபக்கம் கழி, இரண்டுக்கும் இடையே சன்னமான நிலப்பட்டை. அதனால்தான் இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். பெயரிலேயே புவியியல்!

கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டு, இன்று பாதிக்கு மேல் இடிந்து, கழியின் கரையில் தனியாக நிற்கிறது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் காலத்தில் இது சுறுசுறுப்பான துறைமுகம். சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து ஏற்றுமதியாயின. நாணயம் அச்சடிக்கும் சாலையும் இருந்தது. 1750-ல் முசாஃபர் ஜங் இந்தக் கோட்டையைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில், 1760-ல், ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தார்கள்.

கோட்டைச் சுவரில் வேர் விட்டிருக்கும் மரங்களின் நிழலில் உட்கார்ந்தால், எதிரே கழி. அதற்கு அப்பால் மணல்திட்டு. அதற்கும் அப்பால் கடல். உள்ளூர் மீனவர்கள் சிலர் படகில் கழியைச் சுற்றிக் காட்டுவார்கள். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். இடிந்த மதில் மேல் ஏறி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். செங்கல் எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது.

நான்காம் துறை: சதுரங்கப்பட்டினம்

பாலாற்றுக் கழிமுகத்தைத் தாண்டி வடக்கே போனால் கல்பாக்கம். அணுமின் நிலையத்தால் எல்லோருக்கும் தெரிந்த ஊர். அதை ஒட்டியே இருக்கும் சதுரங்கப்பட்டினம், அதாவது சட்ராஸ், அவ்வளவாகத் தெரியாது. டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டிலேயே வந்து வணிகம் செய்த இடம். இங்கிருந்து போன மெல்லிய மஸ்லின் துணிக்கு ஐரோப்பாவில் நல்ல கிராக்கி.

கடலைப் பார்த்தபடி நிற்கும் செங்கல் கோட்டைக்குள் சரக்குக் கிடங்குகளும், பூவேலைப்பாடு செதுக்கிய டச்சுக் கல்லறைகளும் இருக்கின்றன. 1824-ல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தோடு இந்த ஊர் முழுக்க ஆங்கிலேயர் வசமானது. கோட்டைக்குக் கிழக்கே கடல், மேற்கே கால்வாய். கடல்வழி வணிகம் ஓய்ந்த பிறகு, ஊருக்கு மேற்கே உள்ள அந்த நீர்வழிதான் இந்தக் கரையைச் சென்னையோடு இணைத்தது.

ஐந்தாம் துறை: மாமல்லபுரம்

மாமல்லபுரம் போகாதவர்கள் குறைவு. ஆனால், அங்கே கால்வாயைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு! எல்லோரும் கிழக்கே கடற்கரைக் கோயிலுக்குப் போகிறார்கள். ஊரின் மேற்கு எல்லையில், கூட்டமே வராத பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இருக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. பாலம் வருவதற்கு முன், செங்கல்பட்டு வழியாக வந்தவர்கள் படகில் கால்வாயைக் கடந்துதான் மாமல்லபுரத்துக்குள் நுழைய முடியும்.

சென்னையிலிருந்து நேராகப் படகிலேயே வந்தவர்களும் உண்டு. 1934-ல் பாவேந்தர் பாரதிதாசன், ப.ஜீவானந்தம் உள்ளிட்ட நண்பர்களோடு இந்தக் கால்வாயில் தோணி ஏறி மாமல்லபுரம் வந்தார். அந்தப் பயணம்தான் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாகப் பிறந்தது. 'செலவு' என்றால் இங்கே பணச் செலவல்ல, பயணம். பக்கிங்காம் கால்வாய்க்குத் தமிழ்க் கவிதையில் இப்படி ஓர் இடம் கிடைத்தது, அந்தத் தோணி ஓடிய காரணத்தால்தான். அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது அந்தக் கவிதையை மொபைலில் எடுத்து வைத்துக்கொண்டு, மேற்கே கால்வாய்க் கரையில் நின்று படித்துப் பாருங்கள்.

ஆறாம் துறை: முட்டுக்காடு

கோவளம் கழியும் கால்வாயும் சேரும் இடம் முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் இங்கே இயங்கி வருகிறது. துடுப்புப் படகு, மோட்டார் படகு, டிக்கெட் கவுன்டர், பாதுகாப்பு உடை என்று எல்லாம் முறையாக இருக்கும் துறை இது. பிள்ளைகளோடு வருபவர்கள் படகு ஏறும் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு வடக்கே கால்வாயின் கதை மாறிவிடுகிறது. ஒக்கியம் மடுவு வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மழைநீர் இந்தக் கால்வாயில்தான் வந்து விழுகிறது. சென்னை நகருக்குள்ளோ, தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டிய அதே பகுதியில், பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. தண்ணீர் கறுத்து, அகலம் சுருங்கி, கழிவுநீர் வாய்க்காலாகிவிட்டது. மயிலாப்பூரில் 'தண்ணித்துறை மார்க்கெட்' என்ற பெயர் மட்டும் மிச்சம். படகுகளில் காய்கறி வந்து இறங்கிய துறை என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இன்று அங்கே வாழைப்பூ வாங்கும் எத்தனை பேருக்கு அது தெரியும்?

படகு ஏன் நின்றது?

தெற்கும் வடக்கும் இணைந்து கால்வாய் முழுமை பெற்ற அதே 1870-களில்தான், சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே ரயில் பாதையும் வந்தது. பிறகு லாரி வந்தது. மூன்று நாள் படகில் போக வேண்டிய சரக்கு ஒரே இரவில் போய்ச் சேர்ந்தது. 1965, 1966-ம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்திய பிறகு, பழையபடி படகுகள் ஓடவேயில்லை.

அதற்காகக் கால்வாய் பயனற்றுப் போய்விடவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பல இடங்களில் பொங்கி வந்த கடல்நீரைக் கால்வாய் உள்வாங்கி, சில நிமிடங்களில் கடலுக்கே திருப்பி அனுப்பியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கால்வாய்க்கு மேற்கே இருந்த பல ஊர்களுக்கு அது ஓர் அகழியாக நின்றது. பெருமழைக் காலத்தில் கடலோரப் பகுதிகளின் வெள்ளத்தை வடிக்கும் வேலையையும் செய்கிறது. படகு போகாவிட்டாலும் அகலமும் ஆழமும் இருந்தால்தான் இந்த இரண்டு வேலையும் நடக்கும்.

2008-ல் மத்திய அரசு காக்கிநாடா – புதுச்சேரி நீர்வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளையும் சேர்த்து மொத்தம் 1,078 கிலோமீட்டர். இதில் தெற்கு பக்கிங்காம் கால்வாய் 110 கிலோமீட்டர். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரையிலான கடைசி 22 கிலோமீட்டர், கழுவெளி ஏரி வழியாக! சிக்கல் இங்கேதான். 2008-ல் வரைபடத்தில் கோடு போட்டபோது கழுவெளி வெறும் ஏரி. இன்று அது சரணாலயம், ராம்சர் ஈரநிலம். பெரிய சரக்குப் படகுகளுக்காக அதை ஆழப்படுத்தினால், ஆழமில்லாத நீரில் நின்று மேயும் பறவைகளுக்கு இடம் இருக்காது.

அப்படியானால் கால்வாய் சும்மா கிடக்க வேண்டியதுதானா? இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். கென்னெட் – ஏவன் என்ற 140 கிலோமீட்டர் நீர்வழி அங்கே 1950-களில் தூர்ந்து கிடந்தது. ஊர் மக்களும் தன்னார்வலர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டு, 1990-ல் அது மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதில் இப்போது போவது சரக்கு அல்ல, சுற்றுலாப் படகுகள். அந்த நாட்டுக் கால்வாய்களில் ஊருக்கு ஊர் 'விருந்தினர் துறை' உண்டு. வருகிற படகு அங்கே எத்தனை நாள் கட்டி வைக்கப்படலாம், பக்கத்தில் குடிநீர் எங்கே, பார்க்க வேண்டிய இடம் எது என்று பலகை வைத்திருப்பார்கள். பயணி இறங்கி டீ குடித்தாலும் கோட்டை பார்த்தாலும் அந்தக் காசு ஊருக்குள் சுற்றும். கால்வாயைச் சுத்தமாக வைத்திருக்க ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

மரக்காணம் – முட்டுக்காடு பாதைக்கு ஏற்றதும் பெரிய துறைமுகமல்ல. ஆலம்பரையில் ஒரு சின்னப் படகுத்துறை, உப்பளத்தோரம் ஒரு நிழற்கூடம், கழுவெளிக்கு வெளியே நின்று பறவை பார்க்க ஒரு மேடை, உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக்கும் பயிற்சி. இவ்வளவு போதும்.

கிளம்பும் முன்...

* உப்பையும் பறவையையும் ஒரே பயணத்தில் பார்க்க ஜனவரி கடைசி, பிப்ரவரி மாதங்களே பொருத்தமானவை. உப்புப் பருவம் தொடங்கியிருக்கும், பறவைகள் கிளம்பியிருக்காது.

* முண்டியம்பாக்கம், விழுப்புரம் பக்கமிருந்து வருபவர்கள் திண்டிவனம் போய் மரக்காணத்துக்குப் பஸ் பிடிக்கலாம். ஆறு துறைகளையும் பார்க்க பைக் அல்லது கார் வசதி. நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாள்தான் என்றால் மரக்காணம், கழுவெளி, ஆலம்பரை மூன்றோடு திரும்பிவிடலாம்.

* உப்பளம் என்பது வேலை நடக்கும் இடம். கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பாத்திக்குள் கால் வைக்காதீர்கள், வரப்பில் நடங்கள். வேலை செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

* குடிநீர், தொப்பி, கூலிங் கிளாஸ் மூன்றும் கட்டாயம். உப்பளத்தில் நிழலே கிடையாது.

* பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழியில் வீசாதீர்கள். வீசினால் அது போய்ச் சேரும் இடம் பறவையின் வயிறு, அல்லது மீனவரின் வலை.

மாலை ஐந்தரை மணிக்கு மேல் மரக்காணம் உப்பளத்தின் ஓரம் நின்றால், வெயில் சாய்ந்து, குவியல்களின் வெள்ளை மெல்ல மெல்ல மஞ்சளாகும். கழுவெளிப் பக்கமிருந்து நாரைகள் வரிசையாக வீடு திரும்பும். கால்வாய்த் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பசியோடு வந்தவர்கள் அரைக் கிலோ தானியத்துக்கும் ஓர் அணாவுக்கும் மண் வெட்டிச் சேர்த்து வைத்த நீர்வழி அது.

வீடு திரும்பும்போது உப்பளத்துக் கல்லுப்பு ஒரு கிலோ வாங்கி வாருங்கள். அடுத்த நாள் சாம்பாரில் அதைப் போடும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சென்னையில் மூக்கைப் பிடித்தபடி கடக்கும் கால்வாயை, அடுத்த முறை அவர்கள் கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பார்கள்.